மணிக்கூண்டில் இறங்க வேண்டும்

என் மகள் அனுப்பிரியாவை ‘வாங்க, உக்காருங்க’ என்று மரியாதையோடு பேசிய முதல் ஆள் எழிலரசி. கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அனு பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைந்த பெண். இருபத்திரண்டு வயதாகியும் எங்கள் தெருவுக்கு அவள் பாப்பாதான். பூக்கடைக்காரர் கன்னத்தைக் கிள்ளுவார், பால்காரர் தலையில் தட்டுவார். அனு பகலில் போகும் பயிற்சி மையம் அனுப்பிவைத்த எழிலரசி என்னடாவென்றால் குமராட்சிப் பக்கத்திலிருந்து மினி பஸ் பிடித்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்திருந்த என் பெண்ணுக்கு எதிரே தானும் தரையில் உட்கார்ந்தாள்.

“வணக்கம் அனு. நான் எழிலரசி. கொஞ்ச நாள் உங்களோட இருந்து வேலை செய்யப் போறேன். உங்களுக்குச் சம்மதமா?”

“அவகிட்ட என்னா சம்மதம் கேக்கற? அம்மா நான் இங்க நிக்கறேன், எங்கிட்ட கேளு” என்றேன்.

“உங்ககிட்ட அடுத்து கேக்கறேன்க்கா” என்றாள், என் பக்கம் திரும்பாமலேயே.

அனு யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். குனிந்த தலை குனிந்தபடியே எழிலரசியின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணுக்காலுக்குக் கீழே வீங்கிய, நரம்பு புடைத்த கால்கள். இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு இருக்க வேண்டிய கால்கள் அல்ல.

சிதம்பரம் மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறேன். கணவர் இறந்த பிறகு எனக்கு அனுவும் தையல் மெஷினும்தான். நான் தைத்துப் போட்ட துணிகளை அனு மடித்து வைப்பாள். அவள் மடித்தால் ஓரம் ஓரத்தோடு ஒட்டி நிற்கும். அதைப் பார்த்துத்தான் அவள் பகலில் போகும் மையத்தில் அவளுக்கு ஒரு வேலை பேசினார்கள். கடலூர் முதுநகரில் ஆஸ்பத்திரிகளுக்கும் லாட்ஜுகளுக்கும் போர்வை, தலையணை உறை வெளுத்துக் கொடுக்கும் ஒரு கூடம் இருக்கிறது. மடிக்கிற இடத்தில் அனுவைப் போன்றவர்கள் சிலர் ஏற்கெனவே வேலை செய்கிறார்கள். அதை நடத்தும் அன்புமணி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். வண்டி அனுப்ப முடியாது, பஸ்ஸில் தானாக வந்து தானாகப் போக வேண்டும். அடுத்த மாதக் கடைசிக்குள் முடியாவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்.

அந்த நாளிலிருந்து அனு காலையில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்க ஆரம்பித்தாள். “நான் வேலைக்குப் போறேன்” என்பாள். எங்கேயும் போக மாட்டாள், நிற்பாள், அவ்வளவுதான்.

பயம் எனக்கு ஒன்றல்ல. கூட்ட பஸ், ஆம்பிளைகள், கண்ட இடத்தில் இறங்கிவிட்டால் யார் கையில் சிக்குவாளோ. பேப்பரில் வருகிற செய்தியெல்லாம் என் வீட்டு முகவரிக்கே வருவதுபோல் இருக்கும். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. எனக்குப் பிறகு இவளுக்கு யார்? கூடப் பிறந்தவர்கள் இல்லை. நான் போன மறுநாள் இவள் பசிக்கு எந்த வாசலில் நிற்பாள்? இந்தப் பிள்ளைகளைப் பெற்ற ஒவ்வொரு அம்மாவுக்கும் இந்தக் கேள்வி தெரியும். அதனால்தான், எழிலரசி அவளைப் பஸ்ஸில் போகப் பழக்கட்டும் என்று மையத்தில் சொன்னதற்கு ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொள்ளும்போதே எழிலரசியிடம் கறாராகச் சொன்னேன்.

“ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அவ தவற விட்டாலும் நிறுத்திடுவேன். அப்பறம் எனக்குப் பாடம் எடுக்கக் கூடாது.”

“சரிக்கா” என்றாள். அந்தச் சரியில் பயமும் இல்லை, பவ்யமும் இல்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

எழிலரசியின் கதையை அவள் தானாகச் சொல்லவில்லை. நான் நோண்டி நோண்டிக் கேட்டதுதான். அப்பாவும் அம்மாவும் வயல் கூலி. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுக்கிற குடும்பம். அரியர் வைத்து அரியர் வைத்து பி.காம். முடித்தாள். பிறகு கடலூரில் ஒரு பெரிய துணிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. காலையில் நின்றால் கடை சாத்தும் வரை நிற்க வேண்டும். உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் வந்து ஸ்டூலும் வந்ததாம், உட்கார்ந்த பெண் அடுத்த மாதம் வேலையில் இருக்க மாட்டாளாம். கால் வீங்கி, செருப்பு நுழையாமல் போன ஒரு நாளில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

“அப்ப சேவை செய்யணும்னு இந்தப் பிள்ளைங்களப் பழக்கற படிப்புக்கு வரலியா?” என்று கேட்டேன். வேண்டுமென்றே குத்தலாகத்தான்.

“இல்லக்கா. ஒரு வருஷப் படிப்பு, மாசாமாசம் கொஞ்சம் பணம் தராங்கன்னு போர்டு பாத்தேன். உக்காந்து செய்யற வேலைன்னு நெனச்சேன்.” சிரித்தாள். “வந்து பாத்தா இதுலயும் நிக்கறதுதான் ஜாஸ்தி.”

அந்தப் பதிலுக்குப் பிறகு எனக்கு அவள்மேல் கோபம் கொஞ்சம் இறங்கியது. எனக்குத் தியாகிகளைக் கண்டால் ஆகாது. வருகிறவர்களெல்லாம் அனுவின் தலையைத் தடவி ‘தெய்வக் குழந்தை’ என்பார்கள், அடுத்த மாதம் ஆளைக் காணோம். எழிலரசி வீட்டில் இந்த வேலையைச் சொன்னதும் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வராமல் போனார்களாம். அவளுடைய அம்மா, துணிக்கடையில் வேலை என்றே சொல்லி வை என்றாராம். மாட்டேன் என்றுவிட்டாள்.

அவர்கள் படிப்பில் கடைசிப் பகுதி இதுதான். ஒவ்வொருவரிடமும் ஒரு ஆளை ஒப்படைப்பார்கள். அந்த ஆள் ஒரு காரியத்தைத் துணையில்லாமல் செய்யும் வரை பழக்கிவிட்டு, துணைக்கு நின்றவர் விலக வேண்டும். முதலில் கையைப் பிடித்து, பிறகு பக்கத்தில் நின்று, பிறகு தள்ளி நின்று, கடைசியில் இல்லாமலே போவது. நல்லாசிரியருக்கு அடையாளம், அவர் அங்கே தேவைப்படாமல் போவதுதான் என்பாராம் அவர்களுடைய பயிற்சியாளர் ஸ்ரீதர். கேட்க நன்றாகத்தான் இருக்கும். கூட இருந்து பார்த்தால் உயிர் போகும்.

அனு கதவுக்குப் பூட்டுப் போடத் திணறிக்கொண்டிருப்பாள். சாவி தலைகீழாக இருக்கும். எனக்குக் கை பறக்கும். எழிலரசி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். அடுப்பில் பால் பொங்கி வழியும், விட மாட்டாள். ஒரு நாள் கையை உதறிவிட்டுக் கத்தினேன்.

“சாவியத் திருப்புன்னு வாயாலயாவது சொல்லேன். நாக்கு என்னா தேஞ்சிடுமா?”

“நான் சொன்னா அனு என் வாயத்தான் கத்துக்குவாங்கக்கா, பூட்டக் கத்துக்க மாட்டாங்க. கண்ணால ஜாடை காட்டக் கூடாது, கையக் காட்டக் கூடாது, மூஞ்சியில ஒண்ணும் தெரியக் கூடாது. எங்க சாரு அதத்தான் மொதல்ல சொல்லிக் குடுத்தாரு.”

அதில் அவள் கெட்டிக்காரி. முகத்தைச் சுவர்மாதிரி வைத்துக்கொள்வாள். அனு சரியாகச் செய்தாலும் அதே முகம், தப்பாகச் செய்தாலும் அதே முகம். எல்லாம் முடிந்த பிறகுதான் “நல்லா செஞ்சீங்க அனு” என்பாள்.

இன்னொரு பழக்கம் எனக்கு அறவே பிடிக்கவில்லை. அனுவைக் கீழவீதிக்குக் கூட்டிப்போய், கடைக்காரர்களிடம் எதையாவது கேட்க வைப்பாள். ‘இந்தக் கலர் நூல் இருக்கா?’ ‘போஸ்ட் ஆபீஸ் எந்தப் பக்கம்?’ வாய் திறக்க அனுவுக்கு நேரமாகும். பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு முகமெல்லாம் எரியும். தைக்கிற துணியில் ஒரு துண்டைக் காட்டினாலே நூல்காரருக்குத் தெரியும், எதற்கு இந்த வேடிக்கை என்று சண்டை போட்டேன்.

“வழி தெரியலன்னா கேக்கத் தெரியணும்க்கா. மத்ததெல்லாம் அப்பறம்” என்றாள்.

பஸ் பழக்கம் ஆரம்பித்தது. காலையில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் புதுச்சேரி பஸ் ஏறி, கடலூர் முதுநகர் மணிக்கூண்டு நிறுத்தத்தில் இறங்க வேண்டும். கடைசி நிறுத்தமாக இருந்தால் கவலை இல்லை, எல்லோரும் இறங்கும்போது இறங்கிவிடலாம். மணிக்கூண்டு நடுவில் வருகிறது. தவறவிட்டால் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டு, அதையும் விட்டால் அடுத்த மாநிலம்.

முதலில் எழிலரசி பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைக் காட்டினாள். வெள்ளாற்றுப் பாலம், ஆலப்பாக்கம், சிப்காட் புகைக்குழாய்கள், பிறகு கடைத்தெரு, மணிக்கூண்டு. அடுத்த வாரம் பேச்சை நிறுத்தினாள். அதற்கடுத்த வாரம் இடத்தை மாற்றி, நடைவழிக்கு அந்தப் பக்கம் ஒரு வரிசை முன்னால் உட்கார்ந்துகொண்டாள். திரும்பிப் பார்க்க மாட்டாளாம். பஸ்ஸில் ஏறியதும் அவளுடைய முதல் வேலை செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வீங்கிய காலை நீட்டிக்கொள்வது. பிறகு வேறொன்றும் செய்வதில்லை, சிலைமாதிரி உட்கார்ந்திருப்பாள்.

அனு ஒவ்வொரு நாளும் மணிக்கூண்டில் சரியாக எழுந்தாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஸ்ரீதர் ஒருமுறை கூடப் போய்ப் பார்த்துவிட்டு, “அருமையா பழக்கியிருக்க எழில். இனி நீ இல்லாம ஒரு தடவ போகட்டும், முடிச்சிடலாம்” என்றார். எழிலரசிக்கு முகம் பூரித்துப்போனது. எனக்கும்தான்.

அந்த ‘ஒரு தடவை’ மாதக் கடைசி வியாழக்கிழமை வந்தது. நானும் பஸ்ஸில் வருவேன் என்று அடம் பிடித்தேன். எழிலரசி ரொம்ப யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் கடைசி சீட்டில், அனுவுக்குத் தெரியாமல். அவளுக்கு ஆபத்து என்றால் மட்டும் எழுவது. மற்றபடி என்ன நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது.

காலையில் எழிலரசி அனுவிடம், “இன்னைக்கு நான் உங்க பக்கத்துல வர மாட்டேன். நீங்களே போறீங்க” என்றாள். அனு தலையாட்டினாள். புதுச் சுடிதார், கழுத்தில் என் போன் நம்பர் எழுதிய அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. முன்வழியாக ஏறி, வழக்கமான ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தாள். கூட்டம் ஏறியதும் நாங்கள் பின்வழியாக ஏறினோம். நான் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

கண்டக்டரிடம் அனு சரியாக டிக்கெட் வாங்கினாள். “மணிக்கூண்டு ஒண்ணு” என்ற அவள் குரல் கடைசி சீட்டு வரை கேட்டது. பாலம் போனது. ஆலப்பாக்கத்தில் வெங்காய மூட்டைகளோடு ஒருவர் ஏறி, எழிலரசி வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். மூட்டையைக் காலடியில் போட்டுக்கொண்டார். நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே வந்தேன். புகைக்குழாய்கள் போயின. கடைத்தெரு வந்தது. “மணிக்கூண்டு, மணிக்கூண்டு எறங்கு” என்று கண்டக்டர் சத்தம் போட்டார்.

அனு எழவில்லை.

விசில் ஊதப்பட்டது. நான்கைந்து பேர் இறங்கினார்கள். அனு எழவில்லை. நான் பாதி எழுந்துவிட்டேன். எழிலரசி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“கூப்புடுடி. பஸ் எடுக்கறான்.”

“பொறுங்கக்கா.”

“என்னாத்தப் பொறுக்கறது? வுட்டுட்டா. தவற வுட்டுட்டா.”

“பஸ்லதான இருக்காங்க. ஆபத்து ஒண்ணும் இல்லக்கா. பொறுங்க.”

பஸ் கிளம்பியது. ஜன்னலில் மணிக்கூண்டு பின்னால் போனது. முடிந்தது, வேலையும் இல்லை ஒன்றும் இல்லை, இனிமேல் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் இவள் காலம் ஓடும், நான் இருக்கும் வரை. கோபம் முழுக்க எழிலரசிமேல் திரும்பியது. அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அனு செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அனு சீட்டில் முன்னால் சரிந்து, நடைவழிக்கு அந்தப் பக்கம் வெங்காய மூட்டைக்குக் கீழே எட்டி எட்டிப் பார்த்தாள். எதையோ தேடினாள். நிமிர்ந்தாள், மறுபடி குனிந்து பார்த்தாள்.

எழிலரசி மெதுவாகத் தன் காலைக் குனிந்து பார்த்தாள். செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளியிருந்தாள், பழக்கதோஷம். என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள்.

“அக்கா, என் செருப்பு.”

“என்னா செருப்பு?”

“மணிக்கூண்டு வரதுக்கு முன்னாடி நான் செருப்ப மாட்டுவேன்க்கா. காலால துழாவி இழுத்து மாட்டுவேன். அதப் பாத்துதான் அனு எந்திரிச்சிருக்காங்க. மணிக்கூண்டப் பாத்து இல்ல. இத்தினி நாளும் என் காலத்தான் பாத்திருக்காங்க.”

எழிலரசி ஜாடை காட்டாமல் தன் கண்ணைக் கட்டிவைத்தாள், கையைக் கட்டிவைத்தாள், முகத்தைச் சுவராக்கினாள். கால் பேசிவிட்டது. யார் முகத்தையும் பார்க்காமல் தரையையே பார்க்கும் பெண்ணுக்கு அது போதுமாயிருந்தது. எழிலரசியின் முகத்தில் இப்போது எல்லாம் தெரிந்தது.

திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கினார்கள், அனுவும் இறங்கினாள். எழிலரசி செருப்பை மாட்டவில்லை. கையில் எடுத்துக்கொண்டு இறங்கி, ஒரு பழக்கடையின் பெஞ்சுக்கு அடியில் வீசிவிட்டாள். அதைப் பார்த்தால் அனு அதை நோக்கி வந்துவிடுவாள் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஒரு தூணுக்குப் பின்னால் நின்றோம்.

அனு நடுவில் நின்றாள். பஸ்கள் பின்னால் வந்தன, ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அவள் நிமிரவே இல்லை. கடந்து போகிற கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூறு கால்கள் போயிருக்கும். திடீரென்று நடக்க ஆரம்பித்தாள். யாரோ ஒரு பெண், என்னைவிட மூத்தவர், ஒரு பையோடு விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார். அவர் காலில் கருப்புப் பட்டையில் மஞ்சள் பூ வைத்த ரப்பர் செருப்பு. எந்தச் சந்தையிலும் கிடைக்கிற செருப்பு. எழிலரசியின் செருப்பும் அதேதான்.

“அய்யோ, அவங்க பின்னாடி போறா” என்றேன்.

எழிலரசி ஓட ஆரம்பித்தாள், வெறுங்காலோடு. நானும் ஓடினேன். அந்தப் பெண் நெல்லிக்குப்பம் பஸ்ஸில் ஏறினார். டிரைவர் இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டிருந்தார். அனு பின்னாலேயே போய்க் கம்பியைப் பிடித்து, படியில் ஒரு காலை வைத்தாள். எங்களுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கூடைக்காரரும் இரண்டு மாணவர்களும்தான். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். ‘அனு’ என்ற வார்த்தை என் வாய்க்குள் வந்துவிட்டது.

உள்ளே ஏறிய பெண்ணின் கால்கள் கூட்டத்துக்குள் மறைந்துபோயின. அனு படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றாள். கீழே பார்த்தாள். பார்க்க ஒன்றும் இல்லை. மெல்லத் தலையைத் தூக்கினாள்.

இந்த இடத்தில் எழிலரசி என் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. பிடிக்க அவளுக்கு நேரம் இல்லை, அனு தலையைத் தூக்கியதைப் பார்த்ததும் அவளும் அப்படியே நின்றுவிட்டாள். நானே என் கையால் என் வாயைப் பொத்திக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெற்ற வயிறு கத்து கத்து என்றது, கை பொத்திக்கொண்டது.

படியில் நின்ற கண்டக்டர், “ஏறு இல்ல எறங்கும்மா, வண்டி எடுக்கணும்” என்றார்.

அனுவின் வாய் திறந்தது, மூடியது. அவர் மறுபடி ஏதோ சொன்னார். கீழவீதி நூல்கடையில் எடுத்துக்கொள்ளும் அதே நேரத்தை எடுத்துக்கொண்டாள்.

“இது மணிக்கூண்டு போவுமா?”

“இல்லம்மா, இது நெல்லிக்குப்பம். முதுநகர் டவுன் பஸ் அந்தாண்ட நிக்குது பாரு, அதுல போ.”

அனு காலை இறக்கினாள். அவர் கை காட்டிய திசையைப் பார்த்தாள். நடந்தாள். வழியில் ஒரு கடைக்காரரிடம் நின்று மறுபடி கேட்டாள். டவுன் பஸ்ஸில் ஏறினாள். நாங்கள் பின்வழியாக ஏறி, கூட்டத்தில் குனிந்து நின்றோம். டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டரிடம், “மணிக்கூண்டு வந்தா சொல்லுங்கண்ணா” என்று அவள் சொன்னது தெளிவாகக் கேட்டது. அவர் சொன்னார். அவள் இறங்கினாள். பழகிய தெருவில் நேராக நடந்து கூடத்துக்குள் போனாள்.

நாங்கள் எதிர்ப்பக்கம் மதிலோரம் நின்றோம். வாசலில் நின்ற அன்புமணி கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்தார்.

“ஏம்மா இவ்ளோ லேட்டு?”

“பஸ்ல எறங்காம வுட்டுட்டேன். கேட்டு வந்தேன்.”

“சரி. கேட்டு வந்தல்ல, அது போதும். உள்ள போ, தலையணை உற நெறைய கெடக்கு” என்றார். வேலை கிடைத்துவிட்டது. மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன், ரோட்டில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க.

எழிலரசி அழவில்லை. கொதிக்கிற தார் ரோட்டில் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றபடி ஸ்ரீதருக்குப் போன் போட்டாள்.

“சார், எம் பேர இந்தத் தடவ பாஸ் லிஸ்ட்ல போடாதீங்க. அனு வந்து சேந்துட்டாங்க. ஃபெயிலானது அனு இல்ல சார், நான்.” செருப்புக் கதையை ஒன்று விடாமல் சொன்னாள்.

“எதுக்குடி சொன்ன? பொண்ணுதான் வந்து சேந்துட்டாளே, யாருக்குத் தெரியப்போவுது?” என்றேன்.

“சொல்லலன்னா அடுத்து வரவங்கள என் காலக் காட்டியே பழக்கிடுவேன்க்கா.” பிறகு என்னைப் பார்த்து, “ஒரு தடவ தவற வுட்டாலும் நிறுத்திடுவேன்னு சொன்னீங்க. தவற வுட்டாச்சி. நீங்கதான் சொல்லணும்” என்றாள்.

“யாரு தவற வுட்டது? நீதான். அதத்தான் உங்க சாருகிட்ட சொல்லிட்டியே” என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. “வா, மொதல்ல ஒரு செருப்பு வாங்கித் தரேன். காலு வெந்துடப்போவுது.”

“அதே மாதிரி மட்டும் வேணாம்க்கா” என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம். சிரிக்கும்போதுதான் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது.

எழிலரசிக்குச் சான்றிதழ் அந்த வருடம் வரவில்லை. அடுத்த அணியோடு சேர்ந்து மறுபடி முடித்தாள். அதற்குள் அனுவை ஜன்னலைப் பார்க்கப் பழக்கிவிட்டாள். இப்போது அதே மையத்தில் வேலை பார்க்கிறாள். பயிற்சிக்கு வருகிற புதுப் பெண்களிடம் முதல் வகுப்பிலேயே இந்தத் தோல்வியைச் சொல்கிறாளாம். பஸ்ஸில் எவ்வளவு தூரம் போனாலும் செருப்பைக் கழற்றுவதில்லை, கால் வீங்கினாலும். பெண் பார்க்க வருகிறவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவள் அதைப் பற்றிக் கவலைப்படுகிறாள், படவில்லை என்று பொய் சொல்ல மாட்டாள்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எழிலரசி முதுநகரிலேயே இருந்து, வேலை முடிந்ததும் அனுவை அழைத்து வந்து வாசலில் விட்டுவிட்டுக் குமராட்சி மினி பஸ்ஸுக்கு ஓடினாள். அனு பையை ஆணியில் மாட்டினாள், கை கால் கழுவினாள். ஒன்றுமே தெரியாதவள்போல் நான் மெஷினில் உட்கார்ந்து, “வேலைக்குப் போனியா? பஸ்ல நல்லா போனியா?” என்று கேட்டேன்.

அவள் குனிந்து, மெஷின் மிதியின்மேல் இருந்த என் கால்களைப் பார்த்தாள்.

“டவுன் பஸ்ல நீ நின்ன. உன் காலப் பாத்தேன்.”

மெஷின் நின்றுவிட்டது. “பாத்துட்டு ஏண்டி எங்கிட்ட வரல?”

அனு தலையை நிமிர்த்தினாள். அபூர்வமாக என் முகத்தைப் பார்த்தாள்.

“நான் வேலைக்குப் போறேன்ல. நாளைக்கு நீ வராத” என்றாள்.